பேரில்லாதவர்களின் பிறப்பும் என் ஒரு வரி மொழிபெயர்ப்பும்

சென்ற மாதம் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நான் இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் அவர்.

"சேர், கோட்டுல ரெக்கோடிங் மெஷின் பூட்டியிருக்காங்க. இனிமே நாங்க எதையாவது விட்டுட்டா அது காட்டிக் குடுத்துரும்" என்று சிரித்தார். பிறகு விளையாட்டாகக் கேட்டார்: "உங்க காலத்துல விட்டுப் போனதெல்லாம் எங்க சேர் போச்சு?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டிலேயே நின்றது. விட்டுப் போனது எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் தார் ரோட்டுக்குக் கீழே கிடக்கிறது.

என் தகப்பனார் ராகலையில் துணிக்கடை வைத்திருந்தார். கடையில் சிங்களம், வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் என்று இரண்டும் எனக்குச் சிரமமில்லாமல் வந்தன. பரீட்சை எழுதி, இரண்டு ஊர்களில் உதவியாளராக இருந்து, கடைசியில் மலைநாட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய வழக்கப்படி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களை இன்றும் 'முதலியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். முஸ்லிம் ஆண்களை 'நானா' என்று அழைக்கும் அந்தப் பக்கத்தில், முஸ்லிமான என்னையும் முதலியார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சபாநாதன் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். குளிருக்குக் கழுத்துவரை பொத்தான் பூட்டிய கறுப்புக் கோட்டு, மேசையில் ஒரு போத்தல் சுடுதண்ணீர். முதல் நாளே என்னைச் சாட்சிக் கூண்டருகே கூட்டிப்போய், நிற்க வேண்டிய பலகையைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இதில நில்லும். சாட்சி ரெண்டு வசனம் சொன்ன உடன விரலைத் தூக்கும். அவர் நிப்பாட்டுவார். நீர் சொல்லும். சொல்லி முடிச்சாப் பிறகு விரலை இறக்கும். அவர் தொடங்குவார். விளங்குதோ?"

"நிப்பாட்டாட்டி ஐயா?"

"மூக்குக்கு முன்னால கொண்டு போய்த் தூக்கும்."

அந்த விரல்தான் எங்கள் தொழில். எங்கள் நீதிமன்றம் சிங்களத்தில் நடந்தது. சாட்சி தமிழில் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்வேன். தட்டச்சுக்காரர் நான் சொல்வதைத்தான் அடிப்பார். தோட்டத்து மனிதர் ஒருவர் அழுதழுது சொன்னது அந்த அறையின் காற்றோடு போய்விடும். தாளில் நிற்பது என் வார்த்தை. மேல் நீதிமன்றம் போனாலும் அந்தத் தாள்தான் போகும். அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சபாநாதன் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு களவு வழக்கில், சம்பவம் காலைத் தேயிலைக் கொழுந்தை எடை போட்ட பிறகு நடந்தது என்று சாட்சி சொன்னார். ஐயா அதைப் பின்னேர நிறுவை என்று சொல்லிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் நீதிமன்றம் கூடியதும் அவராகவே எழுந்து நின்றார். "நேற்று நான் ஒரு பிழை விட்டேன். பதிவைத் திருத்த உத்தரவிட வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். அப்போதிருந்த நீதவான் சரியான முன்கோபி. முழு அறைக்கும் முன்னால் கடிந்து கொட்டினார். ஐயா தலை குனிந்து முழுவதையும் கேட்டார். கொட்டி முடிந்ததும், "பதிவு?" என்று மறுபடியும் கேட்டார். பதிவு திருத்தப்பட்டது.

வெளியே வந்து சுடுதண்ணீரை ஊற்றிக் குடித்தார்.

"வெக்கமா இல்லையா ஐயா?" என்றேன்.

"ஏன் இல்லாம? ஆனா வெக்கம் பின்னேரம் வரைக்குந்தான் கிடக்கும், ஐசே. அந்தத் தாள் கனகாலம் கிடக்கும்."

நான் அன்று அவரை வியந்து பார்த்தேன். வியந்ததோடு சரி.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, எனக்குப் பத்து வருட அனுபவம் வந்துவிட்ட காலத்தில், ராமாயி வழக்கு வந்தது.

ராமாயி உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை யாரோ எடுத்து ஹோட்டலாக்கினார்கள். பெரிய பஸ் போவதற்காக ஏழாம் நம்பர் மலை வழியாக ரோட்டை அகலப்படுத்த வேண்டியிருந்தது. வழியில், ஓடைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கல். அதைப் பெயர்க்க பெக்கோ இயந்திரம் வந்த அன்று ராமாயி கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் கெஞ்சியும் மிரட்டியும் இறக்கினார்கள். மூன்றாம் நாள் அவர் எறிந்த ஒரு கல் பெக்கோ ஓட்டுநரின் நெற்றியைக் கிழித்தது. தையல் போட்டார்கள். பொலிஸ் வழக்குப் பதிந்தது.

அவருக்கு வழக்கறிஞர் இல்லை. குற்றப்பத்திரத்தை நான் தமிழில் வாசித்ததும், "ஆமா சாமி, எறிஞ்சேன்" என்று ஒப்புக்கொண்டார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அப்போதைய நீதவான் ஓர் அம்மையார். ஒரு வேலித் தகராறில் கொட்டும் மழையில் குடையோடு போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். பேனாவை வைத்துவிட்டு, "ஏன் எறிந்தார் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டேன். ராமாயி கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். குரலை உயர்த்தவில்லை.

"மொத ஆளுங்க கடக்கரையிலேருந்து நடந்து வந்தாங்க சாமி. அப்ப ரோடு ஏது, எல்லாம் காடு. வழியில ஒருத்திக்கு இடுப்பு நோவு கண்டுச்சு. கங்காணி நிக்க வுடல. பெத்து, ஒரு கல்லுப் பொந்துல வச்சு, எலய போட்டு மூடிட்டு நடந்துட்டா. அது அழவும் இல்ல, அதுக்கு யாரும் பேரும் வைக்கல. அதுதான் மூத்தவன்."

இங்கே நான் விரலைத் தூக்கியிருக்க வேண்டும்.

"மனுசனுக்குப் பேர் வச்சதும் ஒடம்புக்கு ஒரு அளவு வந்துரும் சாமி. இவ்வளவுதான் நீ, இதுக்கு மேல வளராதன்னு. மூத்தவனுக்கு அத யாரும் சொல்லல. எதுவரைக்கும் வளரணும்னு அவனுக்குத் தெரியல. வளந்தான். பாற வெடிச்சு தோளு வெளிய வந்துச்சு. அவன் முட்டிய மடக்குன எடம் மல. கால நீட்டுன எடம் பள்ளம். மேகம் போயி அவன் நெத்தியில இடிக்கிறப்பதான் நமக்கு மழ."

விரல் என் தொடையோடு ஒட்டிக் கிடந்தது. நான் அதை மறந்தேன். நீதிமன்றத்தை மறந்தேன். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தேன். தினமும் பார்க்கும் மலைதான். அதற்கு ஒரு தோள் இருந்தது.

"அதுக்குப் பொறவு பேர் வைக்க முந்தி போன புள்ளைங்க எல்லாம் அவன்கிட்டதான் போகுதுங்க. அவன் மூணு சாதியா பிரிச்சு வச்சிருக்கான். அழாமலே போனதுங்க கல்லாளுங்க. அதுங்களுக்கு வாயே கெடயாது. மலய முதுகுல தாங்கிக்கிட்டு குனிஞ்சே நிக்கும். அதுங்க நிமிந்தா மல சரியும். பால் குடிச்சிட்டுப் போனதுங்க பாலாளுங்க. ஒடம்பெல்லாம் வாயி. உள்ளங்கையில வாயி, நெஞ்சுல வாயி. ருசி கண்டுச்சுல்ல, அடங்காது. மத்தியானம் ஆனா மேலேருந்து பனிய இழுத்து இழுத்துக் குடிக்கும். அதான் நம்ம பக்கம் பனி கீழ எறங்குது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன்ட், "முதலியார், கத முடிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். ராமாயி திரும்பிப் பார்க்கவில்லை.

"தாயி மொகத்தக் கண் தொறந்து பாத்துட்டுப் போனதுங்க கண்ணாளுங்க. டர்பன்டைன் மரம் ஒசரம் இருக்கும். மரத்துல எல இருக்காப்புல ஒடம்பு பூரா கண்ணு. அதுங்கதான் நடக்கும். ஒவ்வொரு மலையா ஏறி, கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க மொகத்த ஒவ்வொண்ணா குனிஞ்சு பாக்கும். காத்து இல்லாம கொழுந்து ஆடுனா, அது பாக்குதுன்னு அர்த்தம். நாங்க தலய நிமித்திக் காட்டுவோம்."

நான் ஓரளவு படித்தவன். பல தேசத்து அரக்கர் கதைகள் படித்திருக்கிறேன். அவற்றில் அரக்கர்கள் சாபத்தில் பிறந்தார்கள், கோபத்தில் பிறந்தார்கள். ஒருவரும் பெயர் வைக்க ஆளில்லாமல் போன காரணத்தால் பிறந்து, நிறுத்தத் தெரியாமல் வளர்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. என் கையில் மயிர் எழுந்து நின்றது. இதைச் சொல்பவர் எழுத்து வாசனை இல்லாத ஒரு பெண், இதை இவர் எங்கிருந்து எடுத்தார், இவருடைய தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியுமா, இவர் மட்டுமே அறிந்ததா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே நின்றேன்.

கடைசியில் அவர் சொன்னது இது:

"என்னோடது மூணு சாமி. மூத்தது அழல. ரெண்டாவது பால் குடிச்சுச்சு. மூணாவது என்னயப் பாத்துச்சு. எங்க டிவிசன்ல பேர் வைக்காததை மயானத்துக்குக் கொண்டுபோக மாட்டாங்க. ஓடக் கல்லுக்கு அடியிலதான் வைப்பாங்க. மூணும் அந்தக் கல்லுக்குக் கீழ இருக்கு. மத்த பொம்பளைங்களோடதும் இருக்கு. கல்ல எடுத்தா அதுங்க எங்க போகும்?"

நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தட்டச்சுக்காரர் விரல்களை இயந்திரத்தின் மேல் வைத்தபடி காத்திருந்தார்.

"மொகத கியன்னே?" என்றார் நீதவான். என்ன சொல்கிறார் என்று அர்த்தம்.

ஒன்றும் மறந்து போகவில்லை. கடைசி வரி அப்படியே காதில் இருந்தது. ஆனால் அதை மட்டும் சொன்னால் மீதிப் பத்து நிமிடம் எங்கே என்று கேட்பார். முதலிலிருந்து சொல்லப் போனால் இடையில் தடுமாறுவேன், சிரிப்பார்கள். விரலைத் தூக்க மறந்தேன், மறுபடி சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டால், பத்து வருட முதலியார் ஒரு பேய்க்கதையில் வாய் பிளந்து நின்றார் என்று ஆகிவிடும். இத்தனையும் ஒரு மூச்சு நேரத்தில் எண்ணினேன். பிறகு சிங்களத்தில் சொன்னேன்:

"அந்தக் கல்லில் பூதங்கள் வசிப்பதாகவும், அதை அசைத்தால் அவை கோபிக்கும் என்றும் சொல்கிறார், கனம் நீதவான் அவர்களே."

தட்டச்சு இயந்திரம் சிறிது நேரம் சத்தமிட்டு ஓய்ந்தது.

தோட்டத்து மனிதர்களுக்குச் சந்தைக் கடைச் சிங்களம் தெரியும் என்பதை நான் நினைக்கவில்லை. ராமாயி என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? நான் இவ்வளவு நேரம் பேசுனேனே சாமி, புள்ளைங்கள சொல்லலியே நீங்க?"

"இப்போது என்ன சொல்கிறார்?" என்றார் நீதவான்.

"ஒன்றுமில்லை, கனம் நீதவான் அவர்களே."

இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கியது இந்த 'ஒன்றுமில்லை'யைச் சொல்வதற்காகத்தான். முதலாவதை அவசரத்தில் செய்த பிழை என்று என்னிடமே சொல்லி வந்திருக்கிறேன். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது.

நீதவான் அம்மையாருக்கு இரக்கம் வந்தது. பாவம், இந்தப் பெண்ணுக்குச் சுகமில்லை போலிருக்கிறது என்றார். தண்டிப்பதற்கு முன் மனநல மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்க உத்தரவிட்டார். கட்டளை பின்னேரம்தான் கையெழுத்தாகும். இடையில் மதிய இடைவேளை. எதிரே இருந்த கடையில் பிளேன்டீ குடிக்கப் போனேன். ராமாயியின் புருஷன் சுப்பையா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, அவ சொன்னத நல்லா எடுத்துச் சொன்னீங்களா? கோவத்துல பேசுவா, ஆனா பொய் பேச மாட்டா. அந்த அம்மா ஒருக்கா வந்து கல்லப் பாத்தாங்கன்னா போதும்."

நான் தலையை ஆட்டினேன். அவர் என் தேநீருக்குக் காசு கொடுக்கப் பார்த்தார். சபாநாதன் ஐயா எழுந்து நின்ற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. நீதிமன்றம் மறுபடி கூடியபோது, என் பலகையில் ஏறி நின்று, அடுத்த வழக்கின் பெயரை வாசித்தேன்.

ராமாயி இரண்டு மாதம் கழித்து வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் கல் போய்விட்டது. ஒன்றும் கிடைக்கவில்லையாம். அவ்வளவு சின்ன எலும்புகள் மண்ணோடு மண்ணாகியிருக்கும், இல்லாவிட்டால் யாரும் பார்க்க மினக்கெட்டிருக்க மாட்டார்கள். அந்த ரோட்டில் நான் போகவேயில்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்கு வாழ்த்துமடல் வாசித்தார்கள். 'ஒரு சொல்லும் சிந்தாதவர்' என்று அதில் இருந்தது. கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தர்ஷினி கேட்டு ஒரு கிழமை கழித்து, ராகலையில் பஸ் ஏறினேன்.

தோட்டத்து லய வீடுகளில் விசாரித்ததும் காட்டினார்கள். ராமாயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுப்பையா இறந்து நாலு வருடமாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோட்டு முதலியாரு நானாதானே? என்னா, இப்பிடி வத்திப் போயிட்டீங்க. நான் ஆசுபத்திரில இருந்துட்டுக்கூட இதவிட நல்லா வந்தேன்."

உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். விரல் தூக்காதது, வெட்கம், ஒரு வரி, 'ஒன்றுமில்லை', எல்லாவற்றையும். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றார். "ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு. பொய் சொல்ற ஆளு மாதிரி நீங்க நிக்கல. கேட்டுக்கிட்டு நின்னீங்க. யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. அதான் நான் முழுசும் சொன்னேன்."

கொண்டு போயிருந்த கொப்பியை எடுத்து, முழுவதையும் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதுறத பொறவு எழுதுங்க. சிங்களத்துல சொல்ல வேண்டியதுதானே பாக்கி? அந்த அம்மா இருக்காங்களா?"

"காலமாகிட்டாங்க."

"அப்ப வாங்க" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பண்டாரகிட்ட சொல்லுங்க. அவருதான் தெனமும் கல்லு இருந்த எடத்து மேல உக்காந்திருக்காரு."

ஹோட்டலுக்குத் திரும்பும் வளைவில் ஒரு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சீருடையோடு காவலாளி பண்டார. ஐம்பது வயது மனிதர். ராமாயியைப் பார்த்ததும், "என்ன ராமாயி அக்கா, இன்றைக்கு வெற்றிலை இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் யார் என்று சொல்லி, இந்த அம்மா ஒன்று சொல்வார், நான் சிங்களத்தில் சொல்கிறேன், கேட்பீர்களா என்றேன். பஸ் வர நேரமிருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

ராமாயி அதே இடத்திலிருந்து தொடங்கினார். கடக்கரையிலேருந்து நடந்து வந்தாங்க. இரண்டாவது வசனத்தில் விரலைத் தூக்கினேன். நிறுத்தினார். நான் சொன்னேன். விரலை இறக்கினேன். மூத்தவன் வளர்ந்தான். கல்லாளுங்க குனிந்தார்கள். பாலாளுங்களின் உள்ளங்கை வாய்களைச் சொன்னபோது, நடுப்பகல் தாண்டியிருந்தது, மேல் மலையிலிருந்து மூடுபனி தேயிலைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. யாரோ உறிஞ்சுவதுபோல்தான் அது வந்தது. எனக்கு மறுபடியும் கை சிலிர்த்தது. இந்தத் தடவை விரல் மறக்கவில்லை.

மூன்று குழந்தைகளுக்கு வந்தபோது விரலைத் தூக்கிவிட்டேன், குரல் வரவில்லை. ராமாயி பொறுமையாகக் காத்திருந்தார். விரல் இறங்கும்வரை அவர் அடுத்த வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னேன். முதலாவது அழவில்லை. இரண்டாவது பால் குடித்தது. மூன்றாவது பார்த்தது. மூன்றும் இங்கே இருந்த கல்லுக்குக் கீழே.

பண்டார எப்போது எழுந்து நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"பெயர்கள் வைத்துவிட முடியாதா? இப்போதாவது?" என்று கேட்டார்.

அதைத் தமிழில் சொன்னேன். ராமாயி என்னைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க பேர் வச்சுத்தான் அடக்கம் பண்ணுவாங்களாமே நானா? நானும் நெனச்சிருக்கேன், வச்சுரலாமான்னு." ரோட்டைப் பார்த்தார். "வேணாம். இப்ப பேர் வச்சா அங்கயே நின்னுரும். கல்லயும் எடுத்துட்டாங்க, மேல ரோட்டயும் போட்டுட்டாங்க. வளர்றது ஒண்ணுதான் அதுங்களுக்கு மிச்சம். வளரட்டும்."

விரலைத் தூக்கினேன். ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.

பண்டார கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியைத் தூக்கி, ரோட்டைக் கடந்து, மறுபக்கத்து மழைநீர்க் கானுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். பனிக்குள்ளே எங்கோ காற்றில்லாமல் ஒரு நிரை கொழுந்து ஆடியது. ராமாயி தலையை நிமிர்த்திக் காட்டினார்.